எழுந்து வெளியே போக வேண்டியவர்கள்

ஆர்டிஸ் ஹால்வர்சன் அடம்பிடித்துக் கொண்டுவந்த விதி, பல வருஷமாக யாரையும் கடிக்காமல் சாதுவாகப் படுத்துக் கிடந்தது. அன்றைக்கு அது எழுந்து நின்று முதலில் கடித்தது, வாயில் பாதி டோனட்டோடு இருந்த பாதிரியாரை.

மாநிலத் தன்னார்வச் சேவை ஆணையத்தின் கூட்டம், தலைமைச் செயலகத்தின் அடித்தளத்து அறையில் நடந்துகொண்டிருந்தது. வெளியே பிப்ரவரிப் பனி. உள்ளே பத்து உறுப்பினர்கள், சுடுதண்ணீரை விடக் கொஞ்சம் கறுப்பான காப்பி. எந்த ஊர் அமைப்புக்கு மானியம் என்று ஓட்டுப் போட்டு, சாயங்காலத்துக்குள் பட்டியலை வாஷிங்டனுக்கு அனுப்ப வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாத ஊர் இன்னொரு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

ஆர்டிஸின் விதி இதுதான். மானியம் கேட்கும் அமைப்போடு ரத்த உறவு, சம்பந்தி உறவு, கொடுக்கல் வாங்கல் எது இருந்தாலும், அந்த உறுப்பினர் தானாகவே சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். முன்பெல்லாம் வாயை மூடிக்கொண்டு நாற்காலியிலேயே இருந்தால் போதும் என்றிருந்தது. "உட்கார்ந்திருக்கிறவன் மூஞ்சியப் பார்த்துத்தான் மத்தவன் கையத் தூக்குவான்" என்று சொல்லி அதை மாற்ற வைத்தவர் ஆர்டிஸ். நாலு வீடு தள்ளினால் மாமன் மச்சான் முறை வந்துவிடுகிற ஒரு சின்ன மாநிலத்தில் இப்படி ஒரு விதி போடுவதற்குத் துணிச்சல் வேண்டும். ஆர்டிஸிடம் அது தேவைக்கு மேலேயே இருந்தது. மாவட்டத் தேர்தல் அதிகாரியாக இருந்த காலத்தில், உறையில் கையெழுத்துப் போட மறந்த தன் கணவரின் தபால் ஓட்டையே செல்லாது என்று தள்ளி வைத்த அம்மாள் அவர். அந்த மனிதர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அம்மாளும் கவலைப்படவில்லை.

தலைவர் டுவேன் வெட்ஸ்டீன் அடுத்த பெயரைப் படித்தார். "வெல்பி ஊர். டயாலிசிஸ் போறவங்களுக்கு வண்டி. சம்பந்தப்பட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

யாரும் இருக்கமாட்டார்கள் என்ற நினைப்பில்தான் கேட்டார். வெல்பி, மிசௌரி ஆற்றுக்கு மேற்கே, எதற்கும் பக்கத்தில் இல்லாத ஊர். சிறுநீரகம் போனவர்கள் வாரத்துக்கு மூன்று தடவை எழுபது மைல் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். மருத்துவமனை வேன் நின்றுபோய்விட்டது. கூட்டிப்போக ஆளில்லாமல் சிகிச்சையையே விட்டுவிட்ட ஒருவரைப் போன ஈஸ்டருக்கு முன்னால் புதைத்தார்கள். விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போட்டவர்கள் வெல்பிக்குத்தான் முதலிடம் கொடுத்திருந்தார்கள்.

பாதிரியார் டோனட்டை விழுங்கிவிட்டுக் கையைத் தூக்கினார். வண்டி நிறுத்த இடம் தருகிற சர்ச்சில் அவர் தம்பி நிர்வாகியாம். எழுந்து போனார். கூடவே வங்கிக்கார அம்மாள் எழுந்தார். அமைப்பின் கணக்கு அவர் வங்கியில்தான் இருக்கிறதாம். அதற்குள் மாட்டுப்பண்ணைக்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு, "என் மாமியாரே அந்த வண்டியிலதான் போகப்போறாங்க" என்றார். டுவேனின் முகம் வெளுக்க ஆரம்பித்தது.

நாலாவதாக ஆர்டிஸின் பக்கத்து நாற்காலி நகர்ந்தது. இவரோடு பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சண்டை போட்டுவரும் மேவிஸ்.

"என் மருமகனோட அக்கா அங்க கணக்கு எழுதுறா" என்றார் மேவிஸ்.

"அதெல்லாம் ஒரு உறவாடி?" என்று ஆர்டிஸ் பல்லைக் கடித்தார்.

"ஏண்டி முறைக்கிற? சம்பந்தி வழின்னு எழுதுனது யாரு, நானா?" மேவிஸ் தன் காப்பியோடு ஆர்டிஸின் டோனட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

டுவேன் மிச்சமிருந்த தலைகளை எண்ணினார். ஆறு. பத்தில் பாதிக்கு மேல் ஆள் இருந்தால்தான் ஓட்டு செல்லும். "சரியா இருக்கு. இனி யாரும் ஒண்ணுக்குக்கூட எந்திரிக்காதீங்க, சாமிகளா" என்றார். அறையில் சிரிப்பு எழுந்தது. ஆர்டிஸும் சிரித்தார்.

"ஓட்டுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஏதாவது கேக்கணும்னா கேளுங்க. புது ஒருங்கிணைப்பாளர் காலையிலருந்து லைன்ல இருக்காங்க. கிறிஸ்டா டால்." ஆணைய அலுவலகத்துக் கோரின், மேசை நடுவில் இருந்த தொலைபேசியின் பொத்தானை அழுத்தினாள்.

"வணக்கம். நான் கிறிஸ்டா பேசுறேன்."

ஆர்டிஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காப்பிக் கோப்பை சாய்ந்து மேசையெல்லாம் ஓடியது. யாரோ காகிதத் துண்டை நீட்டினார்கள். வாங்கியவர் துடைக்கவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் கரகரத்த அந்தக் குரலை எங்கே கேட்டாலும் அவருக்குத் தெரியும். பெற்றவருக்குத் தெரியாதா? ஆறு வருஷமாகக் கேட்காத குரல். டால் என்ற பெயர்தான் புரியவில்லை. புரிந்தபோது இரண்டாவது அடி விழுந்தது. மகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது, தாய்க்குச் சேதி இல்லை.

சேதி சொல்லும் நிலைமையை யார் விட்டுவைத்தார்கள்? மருந்துக்கடையில் வேலை பார்த்த கிறிஸ்டா வலி மாத்திரைக்கு அடிமையாகி, கடையிலிருந்தே திருட ஆரம்பித்தாள். ஒருநாள் துவைக்கும் துணிக்கு நடுவில் மாத்திரைகள் ஆர்டிஸின் கையில் கிடைத்தன. போலீசுக்குப் போன் போட்டது ஆர்டிஸ்தான். மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போட்டார். ஊரே மெச்சியது, இதுவல்லவா நேர்மை என்றது. கிறிஸ்டா எட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு மட்டும் வரவில்லை. கணவரும் போய்ச் சேர்ந்தபின், மெச்சிய ஊர் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. ஆர்டிஸ் தன் நேர்மையோடு தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

"பனியில ரோட்டை மூடிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"முதல் நாளே கூட்டிட்டுப் போயிருவோம். அங்க தங்க வைக்க மூணு வீடு பேசி வச்சிருக்கோம். இப்பவே என் சொந்த வண்டியில ஓட்டிட்டுதான் இருக்கேன். நாலு பேருக்கு மேல ஏத்த முடியல. மிச்சப்பேர்கிட்ட அடுத்த வாரம் பாக்கலாம்னு சொல்லி வைக்கிறேன். அவங்களுக்கு அடுத்த வாரம் இருக்கணுமே. இன்னொண்ணு. நான் ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவ. அதையும் சொல்லித்தான் கேட்டிருக்கோம். அப்புறமா தெரிஞ்சுதுன்னு யாரும் சொல்ல வேண்டாம்."

"எங்களுக்கு அதுல ஆட்சேபணை இல்லம்மா" என்றார் டுவேன். "கடைசியா ஒரு தடவை கேட்டுடறேன். சம்பந்தப்பட்டவங்க யாராச்சும்?"

இரண்டாவது தடவை கேட்க வேண்டும் என்பதும் ஆர்டிஸ் எழுதியதுதான்.

எழுந்தால் ஐந்து பேர். ஓட்டு கிடையாது. வெல்பி இல்லாமலேயே பட்டியல் போய்விடும். முன்பு ஒரு போன் போட்டு ஜெயிலுக்குத் தள்ளிய பிள்ளையை, தட்டுத்தடுமாறி எழுந்து நிற்கிற நேரத்தில் மறுபடியும் தானே தள்ளிவிட வேண்டும். ஆர்டிஸின் கை மடியிலேயே கிடந்தது. தூக்கு என்று அதற்குச் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை.

"யாருமில்ல" என்றார் டுவேன்.

ஆர்டிஸ் ஹால்வர்சன் பொய் சொல்லிவிட்டார். வாயைத் திறக்காமலேயே சொன்ன பொய். எழுபத்தொரு வயதில் தனக்குள் இப்படியொருத்தி இருக்கிறாள் என்று அப்போதுதான் கண்டார். அந்த ஒருத்திமேல் கோபம் வரும் என்று பார்த்தார். வரவில்லை.

"அப்ப ஓட்டுக்கு விடறேன். கோரின், பேரைக் கூப்பிடு."

"ஒரு நிமிஷம்" என்றது தொலைபேசி.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"காலையில நீங்க வருகைப் பேர் வாசிச்சப்பவே கேட்டேன். அவங்களே சொல்லுவாங்கன்னு இருந்தேன்." கிறிஸ்டா எச்சில் விழுங்குவது எல்லோருக்கும் கேட்டது. "அங்க உட்கார்ந்திருக்கிற ஆர்டிஸ் ஹால்வர்சன் என் அம்மா."

கூரை இடிந்து விழுந்திருந்தால்கூட இவ்வளவு வாய் பிளந்திருக்கமாட்டார்கள். கோரின் பேனாவை நழுவவிட்டாள். டுவேன் தொலைபேசியையும் ஆர்டிஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆர்டிஸ்? நீங்களா?"

"என் பொண்ணுதான்" என்றார் ஆர்டிஸ். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"கிறிஸ்டா, உனக்குப் புரியுதாம்மா? இதைச் சொன்னா உங்களுக்கு இந்த வருஷம் ஒண்ணும் கிடைக்காது."

"புரியுதுங்க. ஆனா நான் ஒரு பொய்யில ஆரம்பிச்சா அந்த இடத்திலேயே முடிஞ்சுருவேன். என் கதை அப்படி."

ஆர்டிஸ் எழுந்தார். கதவு எங்கேயிருக்கிறது என்று தேடுகிறவர் போல நடந்தார்.

நடைபாதையில் வெளியேறிய நால்வரும் டோனட் பெட்டியைச் சுற்றி நின்று பனியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். "உனக்கு அங்க யாருடி?" என்று சிரித்துக்கொண்டே திரும்பிய மேவிஸ், முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார்.

"கிறிஸ்டா" என்றார் ஆர்டிஸ். "நான் வாயைத் திறக்கல, மேவிஸ். அவதான் சொன்னா."

"நீயா வாயத் திறக்கல?"

ஆர்டிஸ் பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே டுவேன், "ஆள் பத்தல. வெல்பியைத் தள்ளி வைக்கிறோம்" என்று ஆரம்பிப்பது கதவிடுக்கு வழியாகக் கேட்டது. தன் வயிற்றில் பிறந்தது தன்னையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டதே என்று நினைத்தார். பெருமையா, வலியா? இரண்டும் ஒன்றாகவே வந்தன. அப்போதுதான், ஓட்டு செல்ல எத்தனை பேர் வேண்டும் என்கிற விதியின் வாசகம் அவருக்கு நினைவு வந்தது. பத்து பேரில் பாதிக்கு மேல் என்று அதில் இல்லை. பதவியில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் என்றுதான் இருந்தது.

டோனட் பெட்டியின் மூடியைக் கிழித்தார். மேவிஸின் பையிலிருந்து பேனாவை உருவி இரண்டு வரி எழுதினார். கதவைத் திறந்து, வாசற்படியைத் தாண்டாமல் நின்றார்.

"டுவேன், நான் ராஜினாமா பண்றேன். இப்பவே. இனி நீங்க ஒன்பது பேர். உள்ள அஞ்சு பேர் இருக்கீங்க."

"என்ன சொல்றீங்க? இந்த ஆணையம் இல்லாம நீங்க என்ன பண்ணுவீங்க?"

"தெரியாது. கணக்கைப் பாருங்க."

கோரின் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அட்டையை வாங்கியவள் தயங்கினாள்.

"இதுல கையெழுத்து இல்லீங்களே."

தன் கணவரின் ஓட்டைத் தள்ளிய அம்மாளின் முகம் சிவந்தது. அட்டையைத் திரும்ப வாங்கி, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணிக்கொண்டது.

கதவு மூடியது. ஐவரும் மூடிய கதவுக்குப் பின்னால் ஒவ்வொருவராகச் சம்மதம் சொன்னார்கள். கடைசிச் சம்மதம் கேட்டதும் மேவிஸ், ஆர்டிஸின் கையை எலும்பு நோகப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி தேவையாகத்தான் இருந்தது.

இடைவேளை விட்டதும் கோரின் தன் கைப்பேசியோடு வெளியே வந்தாள். "உங்ககிட்டப் பேசணுமாம்."

ஆர்டிஸ் வாங்கிக் காதில் வைத்தார்.

"ஏன் எந்திரிக்கல?" என்றாள் கிறிஸ்டா.

"போன தடவை போன் போட எந்திரிச்சேனே" என்றார் ஆர்டிஸ். "அதுக்கப்புறம் நீ வரவே இல்ல."

அந்தப் பக்கம் கிறிஸ்டா காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"உன் வண்டிக்குப் பனி டயர் போட்டிருக்கியா?" என்று கேட்டாள் மகள்.

"போட்டிருக்கேன்."

"திங்கக்கிழமை விடியக்காலம் ஹெர்மன்னு ஒரு பெரியவரைக் கூட்டிட்டுப் போகணும். எனக்கு ஆள் பத்தல. உனக்கும் இப்ப வேலை எதுவும் இல்லையே."

"வரேன்" என்றார் ஆர்டிஸ்.

"சும்மா வர முடியாது. தன்னார்வலர் மனு ஒண்ணு இருக்கு, எழுதிக் குடுக்கணும். நிர்வாகத்துல உனக்கு உறவு யாராச்சும் இருக்காங்களான்னு அதுல ஒரு கேள்வி வரும்." என்றாள் கிறிஸ்டா. "அதுல மறைக்காம எழுது, அம்மா. பொண்ணுன்னு எழுது."