அடுப்படிக்குள் ஓர் ஓடை

என்னைக் கட்டிய மாப்பிள்ளை நிஸாம் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். தெல்தோட்டையில் நாள்கணக்கில் மழை கொட்டுகிறது, மண்சரிவுக்குப் பயந்து அக்கம்பக்கமெல்லாம் பள்ளிவாசலுக்குப் போய்விட்டது, இவர் மட்டும் கதிரையில் சாய்ந்துகொண்டு தேத்தண்ணி கேட்கிறார். கட்டிய வீட்டை விட்டு வரமாட்டாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கேத்தலை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன்.

அப்போதுதான் தங்கை பஸ்லினா தொலைபேசியில் கூப்பிட்டாள். எங்கள் ஊரில் அக்காவைத் தாத்தா என்போம். அவளுக்குக் கண்டியில், நில அளவைக் கந்தோரில் வேலை. மண் சரியக்கூடிய இடங்களைத் தேடி, நூறு வருடத்துக்கு முன் கீறிய நிலப்படங்களின் மேல் இன்றைய வான்படங்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"தாத்தா, படமொண்டு அனுப்பீக்கிறன். ஒங்கட வீட்டுக்குள்ளால ஓடை ஒண்டு போகுது. புள்ளயத் தூக்கிட்டு இப்பவே எறங்குங்க!"

"எங்கட வீட்டுக்குள்ள ஓடையா? ஒனக்கென்ன பைத்தியமா?" என்றேன்.

படத்தைப் பெரிதாக்கினேன். மலையிலிருந்து மெல்லிய நீலக்கோடு இறங்கி, எங்கள் கூரைக்குக் கீழே நுழைந்து, அடுப்படி மூலையால் வெளியேறியது. யா அல்லாஹ்! நிஸாம் எத்தனை தரம் சீமெந்து பூசியும் காயாத மூலை அது. அந்த ஈரம் பஸ்லினாவுக்குக்கூடத் தெரியாது. தேயிலை வைத்தவர்கள் ஓடையை மண் போட்டு மூடியிருக்க வேண்டும். அதற்கும் முன்னால் எவனோ ஒருவன், அட்டை கடிக்கக் கடிக்க இந்தச் சரிவில் அளவைச் சங்கிலி இழுத்து நடந்து, தண்ணீர் போகும் வழியைக் கீறி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

கைபேசியை நிஸாமின் முகத்துக்கு நேரே நீட்டினேன். "பாருங்க. நல்லாப் பாருங்க."

பார்த்தார். திரும்பி மூலையைப் பார்த்தார். "சுப்ஹானல்லாஹ்," என்றார். எங்கள் மகள் இன்ஷிராவைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன்பே மலை இறங்கி வந்தது. பள்ளிவாசல் படியில் நின்று பார்த்தோம். சேறும் கல்லும் அந்தக் கோட்டின் வழியே, அது வளைந்த இடத்தில் தானும் வளைந்து, எங்கள் வீட்டை அள்ளிக்கொண்டு போயிற்று. வாய்விட்டு அழுதேன். அந்த அழுகைக்குள்ளும் அந்தக் கோட்டைக் கீறிய மனிதனை நினைத்துப் பிரமித்துப் போனேன். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாதே!

மழை ஓய்ந்து கொஞ்சக் காலத்தில் பஸ்லினாவும் கந்தோர் ஆட்களும் அந்தச் சரிவைப் புதிதாக அளக்க வந்தார்கள். நிஸாம் தானே கேட்டு அளக்கும் கோலை வாங்கி, வீடு இருந்த சேற்றுக்குள் முழங்கால் புதைய நின்றார்.

"பஸ்லினா, ஓடைய நல்லாத் தடிப்பாக் கீறச் சொல்லுங்க," என்றார். "நாளைக்கி எவனாவது இங்க வீடு கட்ட வருவான். அவனுக்கும் புள்ள ஈக்கும்."