மூன்றாம் மாடிக்குப் போன பியானோ

பியானோவை மூன்றாம் மாடிக்கு ஏற்றியாக வேண்டும். லிஃப்டில் ஒரு ஆள் நின்றாலே மூச்சு முட்டும். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை வண்டியில் கொண்டுபோய் ஏற்றி இறக்குவது எங்கள் தொழில். வழக்கமாக மேலே நின்று இழுப்பவர் என் மச்சான். கீழே நின்று தாங்குபவன் நான். இன்று அவர் இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டார்.

"மாப்ளே, அந்தக் கண்ணாடி பீரோவை உடைச்சதுலேருந்து ஒருத்தரும் கூப்பிட மாட்டேங்கறாங்க. இதுவும் சொதப்பிச்சுன்னா வண்டியை வித்துட வேண்டியதுதான்" என்றார். ஒற்றையாளாகக் கட்டில் தூக்குகிற மனுஷர் கண்கலங்கியது எனக்குப் பொறுக்கவில்லை.

தனக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுப் போர்ச்சுகல்காரரை அனுப்பியிருந்தார். பீப்பாய் உடம்பு, வாயெல்லாம் சிரிப்பு, தெரிந்தது அவருடைய மொழி மட்டும். தூக்குவதற்கு எதற்கு மொழி என்று நான் மேலே நின்றேன், அவர் கீழே.

"வா!" என்றேன். ஒரு படி ஏறினார். பரவாயில்லையே, தமிழ் புரிகிறதே!

அடுத்த படியில் அவரும் உற்சாகமாக, "வா! வா!" என்றார். மச்சானின் 'வா' கேட்ட பக்கமே நகர்ந்து பழகிய கால் என்னைக் கேட்கவில்லை. ஒரு படி இறங்கிவிட்டது. பியானோ நடுவில் மாட்டி முனகியது. அவர் திட்டினார், நானும் திட்டினேன். யாருக்கும் எதுவும் புரியாததால் சண்டை வளரவில்லை. மறுபடி ஒரு படி ஏறினோம், ஒரு படி இறங்கினோம். முதல் திருப்பத்துக்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. வண்டி போயே போச்சு என்று நினைத்தேன்.

பியானோவின் சொந்தக்காரரான இசை டீச்சர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் நில்லுங்க. நீங்க சொல்ற 'வா'ன்னா என்ன அர்த்தம்?"

"என் பக்கமா ஏறி வரச் சொல்றதுங்க."

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்குக் கொஞ்சம் போர்ச்சுகீஸ் தெரியுமாம். "அவர் மொழியில அது 'போ'! ரெண்டு வார்த்தைக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல, சத்தம் மட்டும்தான் ஒண்ணு. அவர் உங்களை மேல போகச் சொல்றார், நீங்க இறங்கி வந்துட்டே இருக்கீங்க!"

பிறகு வகுப்பறைக் கண்டிப்போடு சொன்னார்: "மேல நிக்கறவர் மட்டும் வாயைத் திறக்கணும். நீங்க வரச் சொல்லுங்க, அவர் போகட்டும். எப்படியும் ரெண்டும் என் வீட்டுக்குத்தானே?"

அவரிடமும் அவர் மொழியில் சொன்னார். மனுஷர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, துண்டை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டார்.

"வா!" ஏறினார். "வா!" ஏறினார். சும்மா இருக்க முடியாமல் மூக்காலேயே பாடிக்கொண்டு ஏறினார். ஜன்னலோரம் பியானோவை இறக்கியதும் இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். கீழ்வீட்டுக்காரர் இடி விழுந்ததோ என்று ஓடி வந்தார்.

அப்போது மச்சானின் போன். "மாப்ளே..." அதற்கு மேல் கேட்க அவருக்குத் தைரியமில்லை. டீச்சர் வாசிக்கத் தொடங்கியிருந்தார். போனைப் பியானோமேல் வைத்தேன்.

பாட்டு முடிந்தது. போனை எடுத்து, "மச்சான், கேட்டுதா?" என்றேன்.

"பேசாதீங்க மாப்ளே" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுங்க."