வளைவுக்கு அருகே ஓர் ஆள்

ரயில் ஓட்டுநரை இரண்டு மாத விடுப்பில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதற்கு முன் ஒரு மாலை, அவர் வண்டி வளைவு தாண்டியதும் ஓர் ஆள் தண்டவாளத்தில் ஏறி நின்றுவிட்டார். பிரேக் போட்டும் வண்டி நிற்கவில்லை. விசாரித்து, இவர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைப் படித்தார், மடித்தார், அலமாரியில் வைத்தார். அவ்வளவுதான்.

"நேத்து சாப்பாட்டுல உப்பு போடவே மறந்துட்டேன்டா," என்று மனைவி தன் தம்பியிடம் சொன்னாள். "ஒரு வார்த்தை சொல்லல. தட்டைக் கழுவி வச்சிட்டுப் போய்ப் படுத்துட்டாரு. சண்டை போட்டாக்கூடத் தேவலை."

தம்பி கைக்கடிகாரம் பழுது பார்ப்பவன். கடை மாடியில், கதவகலப் பலகை மேல் ஒரு பொம்மை ரயில் ஊரைக் கட்டிக்கொண்டிருந்தான். மாதக் கடைசியில் கண்காட்சி. "மாமா, வந்து ஒரு பார்வை பாருங்க," என்று கூப்பிட்டான். மனைவியும் போகச் சொன்னாள். போனார்.

பலகை முன்னால் வெகு நேரம் நின்றுவிட்டு, "தண்டவாளம் முழுக்கப் பளபளன்னு இருக்காது. சக்கரம் ஓடுற மேல்பக்கம் மட்டும்தான். பக்கவாட்டுல துரு," என்றார்.

மறுநாளும் போனார். சின்னத் தூரிகையால் தண்டவாளத்தின் பக்கங்களில் பழுப்பு பூசினார். இஞ்சின் நிற்கும் இடத்தில் ஜல்லி மேல் எண்ணெய்க் கறை வைத்தார். விளக்குதான் மைத்துனனுக்குப் பிடிபடவில்லை. சுவிட்சைப் போட்டால் எல்லா வீடும் ஒரே வெள்ளையாக எரிந்தது. சுவர் வழியாகவும் வெளிச்சம் கசிந்தது.

"ஊர்ல எல்லாரும் பேசி வச்சிக்கிட்டா லைட்டு போடுவாங்க?" என்றார் ஓட்டுநர்.

வீடுகளைக் கழற்றி உள்ளே கறுப்புத் தாள் ஒட்டினார்கள். சில பல்புகளுக்கு மஞ்சள் சாயம் தடவினார்கள். மூன்று வீடுகளை இருட்டாகவே விட்டார்கள். ஜன்னல் திரையை இழுத்து மூடிப் பார்த்தபோது அசல் ஊர்தான். "அக்கா பார்த்தா இங்கயே குடிவந்துடும்," என்றான் மைத்துனன். ஓட்டுநர் சிரிக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. மனசுக்குத்தான் எட்டவில்லை.

அடுத்த நாள் அவர் வருவதற்குள் மைத்துனன் அரிசி அளவு மனிதர்களை ஒட்டி வைத்திருந்தான். நடைமேடையில் எட்டுப் பேர். வளைவுக்கு அருகே ஒருவர் தனியாக.

"இவரு எங்க போறாரு?"

"சும்மாதான் மாமா. இடம் காலியா இருந்துச்சு."

ஓட்டுநர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "செருப்பைக் கழட்டி ஓரமா வச்சிருந்தாரு," என்றார், மணி என்ன என்று சொல்வதுபோல. "வண்டி போகட்டும்னு நிக்கிறாருன்னு நினைச்சேன். ஹாரன் அடிச்சேன். என்னைப் பார்த்தாரு. அப்புறம் ஏறினாரு."

மைத்துனன் பசைக் குப்பியை மூடி வைத்தான். "அக்காவுக்குத் தெரியுமா?"

"செருப்பு தெரியாது."

"திரும்ப வண்டி ஓட்ட முடியுமா மாமா?"

"முடியும். கை அது பாட்டுக்கு ஓட்டும். அதனாலதான் வேணாம்னு இருக்கு."

மைத்துனன் இடுக்கியால் பொம்மையைப் பிடித்து இழுத்தான். பசை காய்ந்திருந்தது. பாதங்கள் இரண்டும் பலகையோடு நின்றுவிட்டன. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஓட்டுநர் கத்தியை வாங்கிச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் ஜல்லியைத் தூவினார்.

அன்று மாலை மனைவியிடம் செருப்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள்.

விடுப்பு முடிந்ததும் ரயில் யார்டில் பெட்டி கோர்க்கும் இஞ்சினை ஓட்டக் கேட்டு எழுதிக் கொடுத்தார்.

"பதவி இறங்கிடுமேய்யா," என்றார் மேலதிகாரி.

"இறங்கட்டும் சார்."

கண்காட்சியன்று அவருக்கு யார்டில் முதல் நாள். ஆள் நடக்கிற வேகத்தில் இஞ்சினை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது, "தோள்பட்டை வலிக்குது," என்றார்.

மனைவி எழுந்து வந்து, "எங்க?" என்று விரலால் அழுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றார்.