ஜன்னலில் பூக்காத கொடி

"கொடி பூக்கட்டும். பூத்த அன்னைக்கே நீ அவர்கூடப் போ. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

சக்கர நாற்காலியிலிருந்து பெரியவள் இப்படிச் சொன்னதும், சின்னவள் அக்காவின் தலையில் அடித்துச் சத்தியமே செய்துவிட்டாள். பூக்கும்வரை போக மாட்டாளாம். அசடு! நீலப் பூ பூக்கும் மார்னிங் குளோரிக் கொடி சுலபமாக வளரும் என்று விதைப் பாக்கெட்டில் போட்டிருந்ததாம்.

சின்னவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட லாரி டிரைவர் மூன்று மாதம் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதன்பின் அவருக்கு வேறு ஊரில் வேலை.

கால் விளங்காமல் போவதற்கு முன் பெரியவள் பதினோரு வருஷம் செடிப் பண்ணையில் குப்பை கொட்டியவள். செடியை வளர்க்கவும் தெரியும், கெடுக்கவும் தெரியும். முளைக்காவிட்டால் சின்னவள் வேறு விதை வாங்கி வந்துவிடுவாள் என்பதால், ஆரம்பத்தில் நல்லபிள்ளையாகவே நடந்துகொண்டாள்.

"விதைத்தோல் கல்லு மாதிரிடி. ஒரு ஓரத்தை அரத்தால தேய். ராத்திரி பூரா தண்ணியில ஊறட்டும்."

ஐந்தாம் நாள் முளைத்தது. ஜன்னல் திட்டில் தொட்டி. கம்பிகளைச் சுற்றிக்கொண்டு கொடி கிடுகிடுவென்று ஏறியது.

"வாரா வாரம் ஒரு ஸ்பூன் யூரியா போடு."

"அவ்வளவா அக்கா?"

"பண்ணையில வேலை பாத்தது நீயா, நானா?"

யூரியா தின்ற கொடிக்கு இலைதான் கொழுக்கும், பூ வராது. அதையும் மீறித் தலைநீட்டிய மொட்டுகளை, சின்னவள் குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்து நகத்தால் கிள்ளித் தலையணை உறைக்குள் திணித்தாள் பெரியவள்.

"என் ராசி அப்படிக்கா" என்று சின்னவள் அழுதாள்.

"ராசி கெட்டவளை எவன் கட்டிப்பான்? அதையும் யோசி. இந்தா சீப்பு, தலையை வாரிவிடு."

கடைசி நாள் விடியற்காலை. பின்சந்தில் லாரி ஹாரன் அடித்தது. டிரைவர் சொல்லிக்கொண்டு போக வந்திருந்தார். சின்னவள் வெறுங்காலோடு ஓடினாள். பெரியவள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"பூக்கலைன்னு சொன்னியே, பின்ன அது என்னவாம்?"

"எது?"

"மேல பாரு. மொட்டைமாடிச் சுவரு பூரா நீலம்!"

 பெரியவள் ஊட்டவைத்த உரத்தில் கொடி கம்பிக்கு வெளியே நழுவி, சுவரேறி, வெயிலைக் கண்டதும் பூத்துத் தள்ளியிருந்தது. யாரும் எட்டிப் பார்க்காத சந்து.

சின்னவள் உள்ளே வந்தாள். ஜன்னல் கம்பியில் இருந்த காம்புகளைக் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு நுனியிலும் கிள்ளிய காயம். பிறகு அக்காவின் நகங்களைப் பார்த்தாள். பச்சை.

 துணிகளைப் பையில் அள்ளித் திணித்தாள்.

"பூத்துடுச்சுக்கா. கிளம்பறேன்."

"அடியே, என்னை இன்னும் பாத்ரூமுக்குக்கூடத் தூக்கிட்டுப் போகலையே!"

"பக்கத்துத் தெரு நர்ஸம்மாவுக்குச் சொல்லிடறேன். பத்து மணிக்கு வருவாங்க."

"இப்ப ஆறேகால்தான்டி ஆகுது!"

"அடக்கிக்கோ."

"நீ நல்லா இருப்பியாடி!" பெரியவள் போட்ட கூச்சல் லாரிச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

மடி நனைய ஆரம்பித்தபோது மணி ஏழுகூட ஆகவில்லை.