திரையில் வைத்த பொட்டு

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஞ்சுக்குச்சியின் முனையில் கிடைத்தது. மஸ்ஜித் தானா ஊரில் கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் என் பிரிண்டருக்காகக் காத்திருந்தேன். கடைக்காரர் யாருடைய மடிக்கணினியையோ கழற்றிப் போட்டு, திரையின் கீழ்விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். பஞ்சில் மஞ்சளாக ஏதோ ஒட்டி வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடமும் நீட்டினார். சந்தனம்.

“ஒரு அம்மா வெள்ளிக்கெழம ஆனா ஸ்க்ரீனுக்குப் பொட்டு வெக்கிறாங்க சார். ஈரம் கீழ எறங்கிப் போயிருக்கு,” என்றார். “தொறந்தா மவன் போட்டோ வரும்லா.”

அவ்வளவுதான். என் பிரிண்டர் தயாராகிவிட்டது, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த அம்மா யார், மகன் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். மீதி முழுவதும் என் கற்பனை. இந்த வரியை எழுதியபோது அதை நம்பவும் செய்தேன்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

“வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஷாமினி அந்த மடிக்கணினியைத்” — வேண்டாம். பயப்படவேண்டிய கதை என்றால் உடனே மழையைக் கூப்பிட்டுவிடுகிறோம். அன்று நல்ல வெயில். பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் வாளியை யாரோ உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஹரிதாஸ் இறந்த பிறகு அந்த வீட்டில்” — இதையும் விட்டேன். அந்த வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. எழுதுகிறவன் மட்டும் சொல்லலாமா?

மூன்றாவது நிலைத்தது. அது இதுதான்:

அம்மா வீட்டில் இல்லாத வெள்ளிக்கிழமை ஒன்று கிடைக்காதா என்று ஷாமினி காத்துக்கொண்டிருந்தாள். கிடைத்தது. நியாலாஸ் ஊரில் சித்தி மகளுக்குப் பரிசம். ஜானகி காலையிலேயே காரில் ஏறிப் போய்விட்டாள். சாயங்காலம்தான் வருவாள். அதற்குள் தம்பியின் மடிக்கணினியில் இருப்பதையெல்லாம் அழித்துப் புதிய இயங்குதளத்தைப் போட்டுவிட வேண்டும். கேட்டால், தானாகக் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடலாம்.

ஹரிதாஸ் சுங்கை ஊடாங் ஊரில் ஓர் ஆலையில் வேலை பார்த்தவன். ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது வழியிலேயே போய்விட்டான். சடங்குகள் முடிந்ததும் மாமா அவன் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். ஜானகி அதைச் சுவரில் மாட்ட விடவில்லை. இன்னமும் செய்தித்தாள் சுற்றியபடி அலமாரி மேல் கிடக்கிறது. ஆனால் மடிக்கணினியைத் திறந்தால் கடவுச்சொல் கேட்கும் இடத்துக்கு மேலே, ஒரு வட்டத்துக்குள், பல் தெரியச் சிரித்துக்கொண்டு ஹரிதாஸ் வருவான். வேலைக்குக் கிளம்புகிற மகனுக்கு வெள்ளிக்கிழமை தோறும் நெற்றியில் சந்தனம் வைத்துவிடுவது அவள் வழக்கம். அந்த வழக்கம் நிற்கவில்லை. நெற்றி மட்டும் கண்ணாடியாகிவிட்டது.

[படத்துக்குப் பொட்டு வைத்தால் அவர் இல்லாதவர். ஆளுக்கு வைத்தால் இருப்பவர். ஜானகி வைப்பது எந்தப் பொட்டு என்பதில்தான் தாய்க்கும் மகளுக்கும் தகராறு. அதை இருவரும் ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை.]

பொட்டு வைத்ததோடு நின்றிருந்தால் ஷாமினி விட்டிருப்பாள். ஆனால் வைத்துவிட்டு ஜானகி திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். “சாப்ட்டியா ஐயா?” என்பாள். அவன் சாப்பிட்டதாகத் தெரியாததால் அவளும் சாப்பிடமாட்டாள். முதலில் வெள்ளி மட்டும். பிறகு சனியும் சேர்ந்துகொண்டது. வளையல்கள் முழங்கைவரை ஏறி இறங்கின. அம்மாவும் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்பது ஷாமினிக்குத் தெரிந்தது. இரண்டு பேரையும் இழக்க அவள் தயாராக இல்லை. அந்த முகத்தை மூடினால்தான் அம்மா எழுந்து தட்டின்முன் உட்காருவாள் என்று நினைத்தாள்.

3

யூஎஸ்பியைச் செருகினாள். புதிய இயங்குதளம் மொழி கேட்டது, கொடுத்தாள். விசைப்பலகை எது என்று கேட்டது, கொடுத்தாள். எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. எந்த வன்வட்டில் பதியவேண்டும் என்று கேட்கும் பக்கம் வந்தது. பழையதை அழிக்கும் பொத்தான் அங்கேதான் இருந்தது.

திரை கோணிக்கொண்டது.

நடுவில் கோடுகள் கீழிருந்து மேலாக எழுந்தன. எழுத்துகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறின. எது அழிக்கும் பொத்தான், எது திரும்பிப் போகும் பொத்தான் என்று தெரியவில்லை. ஒரு பக்கம் பின்னால் போனாள். திரை தெளிந்தது. மறுபடி முன்னால் வந்தாள். கோணிக்கொண்டது. அணைத்துவிட்டு ஆரம்பத்திலிருந்து செய்தாள். சரியாக அதே பக்கத்தில் அதேபோல் ஆயிற்று.

“டேய், வெளையாடாதடா,” என்றாள் ஷாமினி. சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது.

4

இந்த இடத்தில் எனக்கு ஜானகிமேல் சந்தேகம் வந்தது. கண்ணாடியோடு பேசும் அம்மா என்றால் வாசகர் அழத் தயாராகிவிடுவார். எனக்கு அழுகை வேண்டாம். ஆகவே இரண்டாவது பிரதியில் ஜானகியை எடுத்துவிட்டேன். ஷாமினி தனியாக வாழ்கிறாள், தாய் எப்போதோ காலமாகிவிட்டாள் என்று ஒரே வரியில் முடித்தேன். பரிசம், பட்டினி, வளையல் எல்லாம் போயின. கதை கச்சிதமாக இருந்தது. மூடிவைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் படித்தால் நடுவில் ஒரு வரி கிடக்கிறது: “மூடியைத் திறந்தபோது ஷாமினியின் விரலில் சந்தனம் ஈரமாக ஒட்டியது.”

முதல் பிரதியில் விட்டுப்போனதாக இருக்கும். பழைய பிரதியைத் திறந்து தேடினேன். அதில் ஈரம் என்ற சொல்லே இல்லை. சரி, தூக்கக் கலக்கத்தில் நானே எழுதியிருப்பேன் என்று அந்த வரியை அழித்தேன். அழித்த பிறகு ஷாமினி நகரமாட்டேன் என்றாள். அவளை வன்வட்டைத் தேர்ந்தெடுக்க வைக்க எழுதிய வாக்கியங்களைப் பாருங்கள்:

“ஷாமினி துணிந்து பொத்தானை”

“ஷாமினி பொத்தானை அழுத்தப் போன”

“வீட்டில் யாருமே இல்லை. ஆனாலும் ஷாமினி திரும்பிப்”

ஆளில்லாத வீட்டில் காயாத பொட்டை வைத்தது யார் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. ஜானகியைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன். ஒரு கதாபாத்திரத்தைப் பயத்தால் உயிரோடு விட்டுவைத்தது எனக்கு இதுதான் முதல் தடவை. நியாலாஸில் அவள் இப்போது பரிசத்தட்டு வரிசையில் நிற்கிறாள். நிற்கட்டும்.

5

ஷாமினி ரிஸாலைக் கைப்பேசியில் அழைத்தாள். ரிஸால் ஹரிதாஸோடு ஒரே வகுப்பில் படித்தவன். மஸ்ஜித் தானாவில் கணினிக் கடை வைத்திருக்கிறான். [பஞ்சுக்குச்சிக்காரர்தான். வயதைக் குறைத்து, பெயரை மாற்றியிருக்கிறேன்.]

“மூடிய லேசா முன்ன பின்ன ஆட்டுங்கக்கா. கோடு மாறுதா?”

“மாறல.”

“அப்ப கேபள் இல்ல. டிவில இணைச்சுப் பாருங்க.”

வரவேற்பறைத் தொலைக்காட்சியோடு வயரைப் போட்டாள். தொலைக்காட்சியில் அதே பக்கம் சுத்தமாகத் தெரிந்தது. மடிக்கணினித் திரை மட்டும் கோணிக்கொண்டு நின்றது.

“அப்ப லேப்டாப் ஸ்க்ரீன்தான் போச்சு. அம்மா பொட்டு வெக்கிற சந்தனம் திரும்ப உள்ள எறங்கியிருக்கும். நான்தான் அன்னிக்கே சொன்னேனே.”

“ஸ்க்ரீன் போயிருந்தா எல்லா பக்கமும்லடா கோணணும்? மொழி கேட்டப்ப நல்லாத்தான இருந்திச்சி?”

“யூஎஸ்பிய உருவிட்டுப் பழைய சிஸ்டத்தத் தொறங்க.”

உருவினாள். திறந்தாள். ஹரிதாஸ் வந்தான். ஒரு கோடு இல்லை, ஒரு சாய்வு இல்லை. போன வெள்ளிக்கிழமை அம்மா வைத்த சந்தனம் நெற்றியில் காய்ந்து வெடித்திருந்தது. அவ்வளவு தெளிவாக அவனை அவள் பார்த்து நாளாகிவிட்டது. மேல்வரிசையில் ஒரு பல் சற்று முன்னால் வந்திருக்கும். அது மறந்தே போயிருந்தது.

“என்னாக்கா, எப்டி இருக்கு?”

“நல்லா இருக்கான்,” என்றாள்.

“எனக்குத் தெரியலக்கா. இன்னிக்கி விட்ருங்களேன்,” என்றான்.

விட்டிருக்கலாம். நானும் அங்கேயே நிறுத்திக் கதையை முடித்திருக்கலாம். ஆனால் காலையில் கிளம்பும்போது அம்மா செருப்பு மாட்டக் குனிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சி ஷாமினியின் கண்ணுக்குள் இருந்தது.

மறுபடி யூஎஸ்பியைச் செருகினாள். அந்தப் பக்கம் வந்ததும் மடிக்கணினியின் மூடியைப் பாதி சாய்த்து, அதன் திரையைப் பார்க்காமல், தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே மவுஸை நகர்த்தினாள். அழிக்கட்டுமா என்று கேட்டது. அழி என்றாள். மீட்க முடியாது, நிச்சயமா என்று கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

மூடியை நிமிர்த்திப் பார்த்தாள். கோடுகள் இல்லை. திரை கழுவிவிட்டதுபோல் இருந்தது. கோணிக்கொண்டிருந்தபோதுகூட அவள் இவ்வளவு பயப்படவில்லை.

6

பதிந்து முடிந்து, இயந்திரம் தானாக அணைந்து எழுந்து, முதல் கேள்வியைக் கேட்டது: இந்தக் கணினியைப் பயன்படுத்தப்போவது யார்?

அதற்கு மேலே ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு சாம்பல் நிறத் தலை. கண் இல்லை, வாய் இல்லை. தலையும் தோளும் மட்டும். கண்ணாடியில் ஷாமினி துடைக்காமல் விட்ட காய்ந்த சந்தனம், அதன் நெற்றியில் சரியாக உட்கார்ந்திருந்தது.

வட்டத்தின் கீழே பெயர் எழுதும் கட்டம் காலியாக இருந்தது. அதில் கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னியது.

வாசலில் கேட் சத்தம் கேட்டது. ஜானகி சீக்கிரமே வந்துவிட்டாள்.

“பரிசம் முடியறதுக்குள்ள வந்துட்டீங்களாம்மா? சாப்பிடலயா?”

“வெள்ளிக்கெழமலாம்மா. அவன் காத்துகிட்டு இருப்பான்.” கையில் நியாலாஸிலிருந்து கொண்டுவந்த மல்லிகைப்பூ இருந்தது. நேராக மேசைக்கு வந்து திரையைப் பார்த்தாள். ஷாமினி தயார்செய்து வைத்திருந்த பொய் வாயில் வரவில்லை.

ஜானகி வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. கோபப்படவில்லை.

“யாரு இது? பேரு போடலயே,” என்றாள். “பேரப் போடு. கை கழுவிட்டு, சந்தனம் கொழச்சி எடுத்துட்டு வாரேன்.”

7

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். பெயர் இல்லாமல் அந்தப் பக்கம் நகராது. ஷாமினி எந்தப் பெயரை அடிப்பாள்?

தம்பியின் பெயரை அடிக்கவைத்தேன். ஜானகி சந்தனக் கிண்ணத்தோடு வந்து பெயரைப் படித்தாள். “போட்டோவ எடுத்துட்டானா? அப்ப வந்துட்டுப் போயிருக்கான்!” என்றாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் ஷாமினி பின்கட்டுக்கு ஓடினாள். அன்றிரவு ஜானகி வாசல் விளக்கை அணைக்கவிடவில்லை. தட்டு அப்படியே இருந்தது. முகம் போயும் பட்டினி மிஞ்சியது. கிழித்துவிட்டேன்.

ஷாமினி என்றே அடிக்கவைத்தேன். இனி இது அவளுடைய கணினிதானே? ஜானகி வந்தாள். எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிறகு ஷாமினி என்ற பெயருக்கு மேலே இருந்த அந்த முகமில்லாத தலைக்கு, அன்போடு, அழுத்தமாகப் பொட்டு வைத்தாள். மல்லிகையைத் திரையின் மேல்விளிம்பில் சாத்தினாள். பக்கத்தில் நின்ற உயிருள்ள மகளைத் திரும்பிப் பார்க்காமல், கண்ணாடியிடம், “சாப்ட்டியாம்மா?” என்றாள். அதற்கு அடுத்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஜானகி என்று அடிக்கவைத்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள், எல்லா வழிகளையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான். ஷாமினி கடைசி எழுத்தை அடிக்கும்போது ஜானகி அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். “ஆமா, இது சரி,” என்றாள். நிம்மதியாகச் சொன்னாள். முதல் தடவையாகத் தட்டை எடுத்துவைத்து உட்கார்ந்து சாப்பிட்டாள். ஷாமினி ஓடிப்போய் அந்தப் பெயரை அழித்தாள். நானும் சேர்ந்து அழித்தேன்.

அலமாரி மேல் இருக்கும் படத்தைப் பிரித்து, “அம்மா, அவன் இனிமே வரமாட்டாம்மா,” என்று ஷாமினி சொல்லியிருக்கலாம். சொல்லவைத்தும் பார்த்தேன். “அம்மா, அவன்” என்பதோடு வாக்கியம் நின்றுவிடுகிறது. எத்தனை முறை எழுதினாலும் அதே இடத்தில்தான் எழுத்துகள் சாய்கின்றன. என் திரையைச் சொல்கிறேன்.

8

ஆகவே கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஷாமினியின் விரல்கள் விசைப்பலகைமேல் நிற்கின்றன. பின்கட்டில் குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது. கல்லில் சந்தனம் இழைக்கும் சத்தம் கேட்கிறது.

என் பெயரை அடித்துப் பார்த்தேன். நான்தானே எல்லாவற்றையும் தொடங்கினேன்? அடித்த மாத்திரத்தில் புருவ நடுவில் குளிர்ந்தது. உடனே அழித்துவிட்டேன். கோழை என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

யார் பெயர் மிச்சம்? இத்தனை நேரம் அந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு, தாயையும் மகளையும் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்கிற ஒருவர் உண்டு. அவர் முகம் எனக்குத் தெரியாது. தலையும் தோளுமாகத்தான் அவரை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கெட்டது ஒன்றும் நடக்காது என்று நான் உறுதி சொல்ல முடியாது. அவள் வைப்பது இருப்பவருக்கு வைக்கும் பொட்டாகவும் இருக்கலாம். மூடிவிட்டுப் போவதானால் இப்போதே போய்விடுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் ஷாமினி தலையைத் திருப்பி உங்களைத்தான் பார்க்கிறாள். ஒரு பெயர்தான் கேட்கிறாள். ஜானகி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டாள்.