மூன்று யூனிட்

செவ்வாய்க்கிழமை காலை, டீ இடைவேளைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஜெயபுஷ்பத்தின் மேசைக்கு மெமோ வந்தது. கையில் இருந்த ஷூவைத் தள்ளி வைத்துவிட்டுப் படித்தாள்.

'வேறொரு யூனிட்டைச் சேர்ந்த நபரின் பல் சிகிச்சை பில்லைத் தங்கள் பெயரில் சமர்ப்பித்து நல நிதியிலிருந்து பணம் பெற முயன்றதாகத் தெரியவருகிறது. நாளை மாலை மூன்று மணிக்கு மனிதவள மேலாளர் முன் ஆஜராகி விளக்கம் அளிக்கவும்.'

இரண்டு முறை படித்தாள். கீழ்த்தாடையின் இடது பக்கத்தை நாக்கால் தடவிப் பார்த்தாள். மார்ச் மாதம் கட்டிய உலோகப் பல், டாக்டர் பாஷையில் பிரிட்ஜ், அங்கேதான் இருந்தது.

"இன்னா புஷ்பம், மூஞ்சி மாறிப்போச்சு?" என்றாள் பக்கத்து மேசை அக்தரி பேகம். இருவரும் ஆம்பூர் தொழிற்சாலையில், தையல் பிரிவில், பதினோரு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மேசையில் ஷூக்களைச் சோதிப்பவர்கள்.

ஜெயபுஷ்பம் காகிதத்தை நீட்டினாள்.

"யாரு பல்லையோ உன் வாயில வச்சிக்கினு சுத்தறியா நீ?" அக்தரி சிரித்தாள். அடுத்த நொடியே சிரிப்பு நின்றது. "ஏய், வியாழக்கிழமை லிஸ்ட் போடறாங்களே."

அதுதான் விஷயம். லைன் சூப்பர்வைசர் பட்டியல் வியாழக்கிழமை காலை ஒட்டப்படும். மூன்று இடம். ஜெயபுஷ்பத்தின் பெயர் சிபாரிசில் இருந்தது. ஆனால் ஃபைலில் தீராத மெமோ இருப்பவர்களின் பெயர் மேலே போகாது. இது செவிவழிச் செய்தி இல்லை, நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டியிருந்தார்கள். இந்த முறை விட்டால் அடுத்த பட்டியல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. போன தடவை போட்டது ஆறு வருடத்துக்கு முன்னால்.

டீயைக் குடிக்காமல் நேராக நலப் பிரிவு அறைக்குப் போனாள். அங்கே பிரேம்நாத் இருந்தான். பில்களைச் சரிபார்த்துப் பணத்துக்கு எழுதுகிற கிளார்க். பேக்கிங் பிரிவில் ஒருத்தர் தன் மாமியாரின் மூக்குக்கண்ணாடி பில்லைத் தன் பெயரில் கொடுத்துப் பணம் வாங்கியது சென்ற வருடம் பிடிபட்டது. அதிலிருந்து பிரேம்நாத் எல்லா பில்லையும் போலீஸ்காரர் பார்வையில்தான் பார்ப்பான்.

"சார், இது என் வாய். என் பல்லு. எப்படி வேற ஆளுதாச்சு?"

பிரேம்நாத் பில்லை எடுத்து விரலால் தட்டினான். "நீங்க எந்த யூனிட்டும்மா?"

"ஒன்னாவது யூனிட். இதோ, இங்கதான்."

"பில்லுல இன்னா போட்டிருக்கு? மெட்டல் பிரிட்ஜ், மூணு யூனிட். மூணாவது யூனிட் வாலாஜாபேட்டைல இருக்கு. அங்க இருக்கற யாருக்கோ செஞ்ச பில்லு உங்க கைக்கு எப்படி வந்துச்சு? அதைத்தான் கேக்கறோம்."

ஜெயபுஷ்பம் அவனையே பார்த்தாள். கம்பெனிக்கு மூன்று தொழிற்சாலைகள். ஆம்பூர் முதல் யூனிட், வாணியம்பாடி இரண்டு, வாலாஜாபேட்டை மூன்று. 'அவரு யூனிட் ரெண்டு', 'அந்தம்மா யூனிட் மூணு' என்றுதான் இங்கே ஆளைச் சொல்வதே. பிரேம்நாத் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இந்த ஆபீஸில் அவன் காதில் விழுந்திருக்காது.

"சார், அது பல்லோட யூனிட்."

"பல்லுக்கு ஏதும்மா யூனிட்? கரண்டுக்குத்தான் யூனிட்."

"ஒவ்வொரு பல்லையும் ஒரு யூனிட்னு எண்ணி பில்லு போடுவாங்க. மூணு பல்லு, மூணு யூனிட்."

"அப்படியா?" பிரேம்நாத் அடுத்த காகிதத்தை உருவினான். "டாக்டர் சர்டிபிகேட்ல ஒரு பல்லு எடுத்ததாத்தான் எழுதியிருக்கு. எடுத்தது ஒன்னு, வச்சது மூணா? அப்ப எது பொய்யி?"

இதற்கு நின்றபடி பதில் சொல்ல முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. "நாளைக்கு மூணு மணிக்கு வர்றேன் சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஷிப்ட் முடிந்ததும் பைபாஸ் ரோட்டில் இருக்கும் பல் கிளினிக்குக்குப் போனாள். வரவேற்பு மேசையில் கேத்தரின் இருந்தாள். பில் போடுவது, நாள் குறிப்பது, லேபுக்கு அனுப்புவது எல்லாம் அவள்தான். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பாவமாக இருந்தது.

"இதுக்கா அக்கா இவ்ளோ பேஜார்? பில்லை மாத்திக் குடுத்துடறேன். மெட்டல் பல்லு ஒன்னு, ஐயாயிரத்து நானூறுன்னு ஒரே வரியா போட்டுடலாம். யூனிட்டுங்கற பேச்சே இருக்காது."

"தொகை அதேதானா?"

"அதே தொகைதான். வார்த்தை மட்டும் வேற."

ஜெயபுஷ்பம் யோசித்தாள். சுலபமான வழி. நாளை அந்தப் பில்லை நீட்டினால் பிரேம்நாத் ஒருவேளை தலையாட்டிவிடுவான். ஆனால் பழைய பில் அவன் ஃபைலில் இருக்கிறது. ஒரே வாய்க்கு இரண்டு பில். முதல் பில் பொய் என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும்.

"வேணாம்மா. எழுதினது சரி. சரியா எழுதினதை எதுக்கு மாத்தணும்? எனக்கு வேற ஒன்னு வேணும். அளவு எடுக்கறப்ப மாவு மாதிரி வச்சு அச்சு எடுத்தீங்களே, அது இருக்கா?"

"லேபுலருந்து திரும்பி வந்துச்சு. அலமாரில இருக்கான்னு பாக்கணும்."

கேத்தரின் மூன்று அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்துத் தேடி எடுத்தாள். பிளாஸ்டர் தாடை. அடியில் பென்சிலால் பெயரும் தேதியும். நடுவில் ஒரு பல் இல்லாத இடைவெளி. அதன் இரு பக்கமும் இருந்த பற்கள் சுற்றிலும் ராவப்பட்டுச் சின்னதாக, கூம்பு போல நின்றன.

"உங்க கம்பெனிலருந்து இதே மாதிரி பில்லு முன்னாடியும் போயிருக்கே அக்கா," என்றாள் அதைத் துணியில் சுற்றியபடி. "அவங்கல்லாம் ஒன்னும் சொல்லலையே. ஒருத்தருக்கு நாலு யூனிட்கூட போட்டோம்."

"யாருக்கு?"

"பேரு சொல்லக் கூடாது. டாக்டர் திட்டுவாரு."

"சொல்லாதே. நாலுன்னு சொன்னியே, அது போதும்."

வெளியே வந்து அக்தரிக்குப் போன் போட்டாள். "நம்ம ஃபேக்டரில சமீபத்துல பல்லு கட்டினவங்க யாரு தெரியுமா?"

"தோல் வெட்டற கட்டிங் பிரிவுல வாஹித் பாஷா பாய். முன் பல்லு ரெண்டு இல்லாம இருந்தாரே. ரம்ஜானுக்கு முன்னாடி கட்டிக்கினு வந்து எல்லாருகிட்டயும் இளிச்சிக்கினு நின்னாரு. இன்னாத்துக்கு?"

"ஃபண்டுல அவருக்குக் காசு வந்துச்சான்னு கேட்டு வை."

இருபது நிமிடத்தில் அக்தரி திரும்பக் கூப்பிட்டாள். காசு வரவில்லை. பில் கொடுத்து இரண்டரை மாதம் ஆகிறது. மூன்று தடவை போய்க் கேட்டுவிட்டு, பிச்சை கேட்பது மாதிரி இருக்கிறதென்று விட்டுவிட்டாராம்.

மறுநாள் மூன்று மணிக்கு ஜெயபுஷ்பம் மனிதவள மேலாளர் அறைக்குள் போனாள். ஒரு கையில் துணியில் சுற்றிய அச்சு, மறு கையில் ஒரு பெண்கள் ஷூ. மேலாளர் அன்பரசன் நிதானமானவர். அதிகம் பேசமாட்டார். பிரேம்நாத் ஃபைல்களுடன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"சொல்லுங்கம்மா," என்றார் அன்பரசன்.

அவள் அச்சை மேசையில் வைத்தாள். "இது என் கீழ்த்தாடை சார். அடியில பேரு இருக்கு. இந்த ஓட்டைதான் எடுத்த பல்லு. பிரேம்நாத் சார் சொன்னது சரி, எடுத்தது ஒன்னுதான்."

பிரேம்நாத் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவள் ஷூவை எடுத்தாள். பாதத்தின் மேல் குறுக்காக ஒற்றைப் பட்டை போகிற மாடல். அந்தப் பட்டையை விரலால் தூக்கினாள். "இந்தப் பட்டை எதுமேல நிக்குது சார்? அடியில ஒன்னுமில்ல. ரெண்டு பக்கமும் பிடிச்சாத்தான் நிக்கும். தோலோட அப்படியே தைச்சா பிஞ்சிடும். அதனால ரெண்டு ஓரத்தையும் சீவி, உள்ள ஒட்டுத்துணி வச்சு, அப்புறம்தான் தைக்கறோம். ஒவ்வொரு தையல் வேலையையும் எழுதற ஆபரேஷன் சீட்டுல இதை எப்படி எழுதறோம்?"

"மூணு ஆபரேஷன்," என்றார் அன்பரசன். கட்டிங்கில் ஆரம்பித்து மேலே வந்தவர் அவர். "பட்டை ஒன்னு. பிடிமானம் ரெண்டு."

"கண்ணுக்குத் தெரியறது ஒரு பட்டைதான். ஆனா சரக்கு வாங்கற பையருக்கு மூணுக்கும் சேத்துதான் விலை போடறோம். பல்லும் இதேதான். நடுவுல தொங்கற பல்லு ஒன்னு. அதைத் தாங்கறதுக்கு ரெண்டு பக்கத்துப் பல்லையும் ராவி, அது மேல உலோகத் தொப்பி. மூணும் ஒரே வார்ப்பு. யூனிட் ஒன்னு ஆயிரத்து எண்ணூறு. மூணு யூனிட் ஐயாயிரத்து நானூறு. பாக்கறீங்களா சார்?"

அவள் வாயைத் திறந்து, கன்னத்தை விரலால் விலக்கிக் காட்டினாள். அன்பரசன் எழுந்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். அச்சைப் பார்த்தார். மறுபடி வாயைப் பார்த்தார்.

"பிரேம்நாத், நீங்களும் வந்து பாருங்க."

"பரவால்ல சார்," என்றான் பிரேம்நாத். ஆனாலும் விடவில்லை. "இது எல்லாம் சரி சார். ஆனா மூணு யூனிட்டுன்னா மூணு பல்லுதான்னு எங்க எழுதியிருக்கு? மூணாவது யூனிட்டுன்னும் படிக்கலாமில்ல."

"படிக்கலாம்," என்றாள் ஜெயபுஷ்பம். "கட்டிங் வாஹித் பாஷா பில்லும் உங்ககிட்டதான சார் இருக்கு. அதையும் கொஞ்சம் படிங்க."

பிரேம்நாத் தயங்கினான். அன்பரசன் கையை நீட்டினார். ஃபைல் கைமாறியது. அவர் காகிதங்களைத் திருப்பி ஓரிடத்தில் நின்றார். மெல்ல வாசித்தார்.

"மெட்டல் செராமிக் பிரிட்ஜ், நாலு யூனிட்." ஓரத்தில் பென்சில் குறிப்பு இருந்தது. அதையும் வாசித்தார். "'நான்காவது யூனிட் இல்லை. விசாரிக்கவும்.'"

ஃபைலை பிரேம்நாத் பக்கம் திருப்பி வைத்தார்.

"நாலாவது யூனிட் எப்ப திறந்தோம் பிரேம்நாத்?" என்றார் அன்பரசன். "எனக்குப் பத்திரிகை வைக்கலையே."

பிரேம்நாத்தின் காது சிவந்தது. "விசாரிக்கலாம்னுதான் சார் எடுத்து வச்சேன். வேலை ஜாஸ்தி."

"ரெண்டரை மாசம்," என்றாள் ஜெயபுஷ்பம்.

அன்பரசன் நாற்காலியில் சாய்ந்தார். "சரிம்மா. விஷயம் புரிஞ்சிடுச்சு. ஆனா ஒன்னு சொல்லிடறேன். ஃபண்டு ரூல்ல, இழந்த பல் ஒன்றுக்குப் பாதிச் செலவுன்னுதான் இருக்கு. இழந்தது ஒன்னுன்னா ஒரு யூனிட்டுக்குத்தான் குடுக்க முடியும். தொள்ளாயிரம் வரும். மீதி ரெண்டு பல்லு உங்களோட சொந்தப் பல்லு, அதுக்குத் தொப்பி போட்டது ரூலுக்குள்ள வராது."

ஐயாயிரத்து நானூறில் பாதியாக இரண்டாயிரத்து எழுநூறை எதிர்பார்த்திருந்தாள். தொப்பி இல்லாமல் பல் எப்படி நிற்கும் என்று கேட்கலாம். கேட்டால் இன்றைக்கு முழுக்கப் பேச்சு அதிலேயே போய்விடும்.

"அது ரூலு சண்டை சார், அப்புறம் போட்டுக்கலாம். இப்ப மெமோ."

"அது கேன்சல்தான்மா. நானே சொல்றேனே."

"எழுத்துல வேணும் சார்."

"வாய்மொழியா சொன்னா போதாதா?" என்றான் பிரேம்நாத்.

"மெமோவை வாய்மொழியாவா குடுத்தீங்க?"

அன்பரசன் சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்பட்டார். கீபோர்டை பிரேம்நாத் பக்கம் தள்ளினார். அவன் அடித்தான். பிரிண்டர் துப்பிய தாளை ஜெயபுஷ்பம் எடுத்து, ஷூவைச் சோதிப்பது போலவே மேலிருந்து கீழாக, வரி வரியாகப் பார்த்தாள். பழக்கத்தில் யூனிஃபார்ம் சட்டைப் பையிலிருந்து வெள்ளி மைப் பேனாவை எடுத்துக் கடைசி வரிக்கு முந்தின வரியில் வட்டம் போட்டாள். தோலில் குறை குறிக்கிற பேனா. வெள்ளைத் தாளில் பளபளப்பு மட்டும் தெரிந்தது. பிரேம்நாத்தின் நீலப் பேனாவை வாங்கி மறுபடி வட்டம் போட்டாள்.

"இன்னாம்மா அது?" என்றான் பிரேம்நாத்.

"'ஊழியரின் விளக்கம் ஏற்கப்பட்டு மன்னிக்கப்படுகிறார்'னு இருக்கு சார். நான் தப்பு பண்ணியிருந்தாத்தானே மன்னிப்பு?"

"ஒரு வார்த்தைதானம்மா," என்றான் பிரேம்நாத்.

"யூனிட்டும் ஒரு வார்த்தைதான் சார். அதனாலதான் நான் இங்க நிக்கறேன்."

அன்பரசன் தாளை வாங்கிப் பார்த்தார். "அவங்க சொல்றது சரி. மாத்துங்க. 'பில்லில் உள்ள யூனிட் என்ற சொல் பல்லின் எண்ணிக்கையைக் குறிப்பது. அலுவலகம் அதைத் தவறாகப் புரிந்துகொண்டது. மெமோ ரத்து செய்யப்படுகிறது.' அவ்வளவுதான். வேற ஒன்னும் வேணாம்."

இரண்டாவது தாளில் குறை எதுவும் இல்லை. அன்பரசன் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, மெமோவின் மேல் அதை வைத்துத் தைத்தார். நகல் ஒன்றை அவளிடம் கொடுத்தார். மணி நாலு பத்து. ஃபைல் அன்றைக்கே மேலே போயிற்று.

வியாழக்கிழமை காலை நோட்டீஸ் போர்டைச் சுற்றிக் கூட்டம். அக்தரிதான் உள்ளே புகுந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"ரெண்டாவது பேரு. லைன் அஞ்சு." ஜெயபுஷ்பத்தின் தோளில் ஓங்கி அடித்தாள். "இனிமே உன்னை மேடம்னு கூப்பிடணுமா?"

"கூப்பிட்டுத்தான் பாரேன்."

பகல் சாப்பாட்டு நேரத்தில் வாஹித் பாஷா கேன்டீனில் அவளைத் தேடி வந்தார். பிரேம்நாத் கூப்பிட்டு அனுப்பியிருந்தானாம். இரண்டு பல்லுக்கு மட்டும் பணம் எழுதியிருக்கிறானாம்.

"நாலு கட்டியிருக்கேன், ரெண்டுக்குத்தான்றான். இன்னாம்மா நியாயம் இது?"

ஜெயபுஷ்பம் டிபன் பாக்ஸை மூடி ஓரமாக வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு கோடு போட்ட தாளை எடுத்தாள். "உக்காருங்க பாய். ரூல்ல 'இழந்த பல்'னு இருக்கற எடத்துல 'யூனிட்'னு மாத்தணும்னு மனு எழுதறேன். முதல் கையெழுத்து நான். ரெண்டாவது நீங்க. பல்லு கட்ட வேண்டியவங்க இன்னும் யார் யாரு இருக்காங்கன்னு சொல்லுங்க."

வாஹித் பாஷா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "கட்டிங்குல மட்டும் பன்னண்டு பேரு," என்றார்.