இடது கைக்குப் பூட்டு

பக்கவாதம் வந்து போன பிறகு மாமனாரின் வலது கை வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி ஆகிவிட்டது. உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஒரு வேலைக்கும் எழுந்து வராது. கோணிய வாய் நேராகிவிட்டது, கால் ஓரளவு தேறிவிட்டது, பேச்சு முதலிலிருந்தே போகவில்லை. போயிருந்தால் வீடு கொஞ்சம் அமைதியாக இருந்திருக்கும் என்று மாமியாரே சொல்லிச் சிரித்தார். கை மட்டும் வருவேனா என்றது. சலூன் வைத்துப் பிழைத்த மனிதருக்கு அந்தக் கைதான் எல்லாமே.

கடையைக் கூட்டாளி பார்த்துக்கொண்டார். தலையில் ஒரு முடிகூட இல்லாத அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் சுருட்டை. தினமும் கடையைச் சாத்திவிட்டு வந்து, "உன் நாற்காலியில யாரையும் உக்கார விடல" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் போனதும் மாமனார் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

மாப்பிள்ளை அதே வீட்டின் சாப்பாட்டு மேசையில்தான் வேலை செய்தார். கட்டடங்களுக்கு வரைபடம் போடும் வேலை. மாமனாருக்கும் அவருக்கும் சண்டை என்று எதுவும் இல்லை. பேச்சும் அவ்வளவாக இல்லை. "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை", "ஆச்சு மாமா" என்பதோடு இருவரும் கணக்கை முடித்துக்கொள்வார்கள். மகள் தானாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பையன் என்பதால் மாமனாருக்கு ஒரு சின்ன வருத்தம். அது மாப்பிள்ளைக்கும் தெரியும். இருவரும் அந்த வருத்தத்தை கண்ணாடிப் பாத்திரம்போலப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தவர்கள் இனி பெரிதாக முன்னேற்றம் இருக்காது என்று சொல்லிவிட்ட நிலையில்தான் ஒரு பெண் அழைத்தார். கை கால் பயிற்சியில் ஆராய்ச்சி செய்கிறவர். வீட்டில் அவருக்கு ஆராய்ச்சிக்காரம்மா என்று பெயராகிவிட்டது. குடும்பமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனது. ஜன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் மரக்கட்டைகள், கிண்ணங்கள், துணி மாட்டும் கிளிப்புகள். குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டோமோ என்று மாமனார் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"விரலை நீட்டுங்க ஐயா" என்றார் ஆராய்ச்சிக்காரம்மா.

மாமனார் பல்லைக் கடித்தார். நெற்றி நரம்பு புடைத்தது. சுட்டுவிரல் ஒரு மயிரிழை அசைந்தது.

"போதும். இவ்வளவு வந்தா ஆராய்ச்சியில சேர்த்துக்கலாம்." பிறகு அவர் இடது கையைக் காட்டினார். "இதுதான் இப்ப பிரச்சினை. இது ரொம்ப நல்ல பிள்ளையா எல்லா வேலையையும் எடுத்துக்கிச்சு. அதனால மூளை வலது கையைக் கேக்கறதையே விட்டுருச்சு. ஒரு குழுவுக்கு நல்ல கைக்குத் தடிப்பா ஒரு கையுறை மாட்டிடுவோம். முழிச்சிருக்கற நேரம் பூராவும். வேற வழியில்லாம வலது கையையே கேட்டாகணும். இன்னொரு குழுவுக்குச் சாதாரணப் பயிற்சி. யாருக்கு எதுன்னு குலுக்கல்ல வரும்."

"இதுல கை வந்துருமாம்மா?" என்று மாமியார் கேட்டார்.

"இவர மாதிரி நாள்பட்டவங்களுக்கு எவ்வளவு வரும்னு எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சா ஆராய்ச்சி எதுக்கு? வராமலும் போகலாம். பாதியில பிடிக்கலன்னா விட்டுட்டுப் போகலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டோம்."

மாமனாருக்கு அந்தத் 'தெரியாது' பிடித்துப்போனது. அதுவரை அவரிடம் பேசிய எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

குலுக்கலில் கையுறை வந்தது. வீட்டில் ஒருவர் துணையாக இருந்து, கையுறை கழலாமலும், மற்றவர்கள் உதவி செய்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் ஆராய்ச்சிக்காரம்மா. "உதவி செய்யாம இருக்கறதுதான் இங்க கஷ்டமான வேலை."

மாமியார் உடனே மறுத்துத் தலையாட்டிவிட்டார். "என்னால ஆகாது. அவர் தடுமாறினா என் கை தானா போகும்." மகள் கணவனைப் பார்த்தாள். "நீங்களே இருங்க. உங்களுக்குத்தான் எங்கப்பா மேல பாசம் கிடையாதே."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தது மாமனார் ஒருவர்தான். "நல்ல ஏற்பாடு" என்றார்.

மறுநாள் காலையே வீடு போர்க்களமாகிவிட்டது. டீ டம்ளர் சரிந்தது, சீப்பு விழுந்தது, சட்டைப் பொத்தான் துளைக்குள் போக மறுத்தது. சூப்பைக் கரண்டியில் எடுத்தால் வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில். மாமியார் துடைக்க ஓடி வருவார். மாப்பிள்ளை வரைபடத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "அத்தை, வேணாம்" என்பார். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார். மகள் அலுவலகம் போகும்போது அப்பாவைப் பார்க்காமலே போகப் பழகிக்கொண்டாள்.

மனைவிக்கும் மகளுக்கும் முன்னால் மாமனார் வீரர். "இன்னிக்குப் பரவாயில்ல" என்பார். அவர்கள் நகர்ந்ததும் மேசையில் மாப்பிள்ளை மட்டும் இருக்கும்போதுதான் கரண்டி பறக்கும். ஒருநாள் அது சுவரில் பட்டு, வரைந்துகொண்டிருந்த மூன்றாம் மாடியின்மேல் வந்து விழுந்தது.

"கழட்டுங்க இதை."

"சாயங்காலம் கழட்டலாம் மாமா."

"கழட்டுன்னா கழட்ட வேண்டியதுதானே. நீ என்ன ஜெயில் வார்டனா?"

அத்தனை வருடத்தில் மாமனார் அவரை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இருவருக்குமே அது காதில் விழுந்தது. மாப்பிள்ளை கரண்டியைத் துடைத்து, கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வலது பக்கத்தில். மாமனார் அதையே கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் கொண்டுபோய் வைத்து, எடுத்தார்.

அன்றைக்குத்தான் மாப்பிள்ளைக்கு ஒன்று உறைத்தது. கோபத்தில் கத்துகிறாரே தவிர, மனிதர் ஒருநாளும் கையுறையைப் பல்லால் இழுத்துக்கூடக் கழற்றிப் போட்டதில்லை. வெறும் ஒட்டுப்பட்டைதான், நினைத்தால் ஒரு இழுப்பு. பூட்டு அவர் கையில்தான் இருந்தது. அவராகவேதான் பூட்டிக்கொண்டிருந்தார். தனக்கு ஒரு வரைபடத்தில் இரண்டு தடவை திருத்தம் சொன்னாலே வேலையே வேண்டாம் என்று தோன்றிவிடுகிறதே என்று நினைத்தபோது மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஒரு வெளியூர்க் கல்யாணத்துக்கு எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வண்டி வாசலில் நின்றது. மாமனார் சட்டையின் கடைசிப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காதோரம் வேர்வை வழிந்தது. பொத்தான் துளைக்குள் பாதி நுழையும், நழுவும். வெளியே ஹாரன் அடித்தார்கள். மாப்பிள்ளையின் கை அவரை அறியாமலே நீண்டுவிட்டது.

"தொடாதீங்க" என்றார் மாமனார். குரலில் கோபம் இல்லை. "நீங்களும் அவங்க மாதிரி ஆயிட்டா அப்புறம் எனக்கு யார் இருக்கா?"

மாப்பிள்ளை கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பொத்தான் ஒருவழியாக நுழைந்தது. கல்யாணத்தில் தாலி கட்டு முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள். யாராவது ஏன் தாமதம் என்று கேட்டால் மாமனார் சட்டையைத் தொட்டுக் காட்டினார். கேட்டவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் ஒரு கோரிக்கை வைத்தார். "அம்மா, இந்தக் கட்டை அடுக்கறது, கிளிப் மாட்றது எல்லாம் சரி. ஆனா நான் என் வாழ்க்கையில கட்டை அடுக்க ஆசைப்பட்டதே இல்ல. என் வேலையையே செஞ்சு பழகக் கூடாதா?"

ஆராய்ச்சிக்காரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "என்ன வேலை வச்சுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க."

"பலூன்" என்றார் மாமனார்.

தொழிலுக்கு வரும் புதுப் பையன்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முறை அதுதான். பலூனை ஊதிக் கட்டி, மேலே நுரை பூசி, அது வெடிக்காமல் நுரையை மட்டும் வழிக்க வேண்டும். ஆராய்ச்சிக்காரம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிளேடு இல்லாத ரேசரில் தொடங்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு, அதையே பயிற்சியாகச் சேர்த்துக்கொண்டார். "எனக்கு இது தோணல பாருங்க" என்றார் மாப்பிள்ளையிடம்.

பிளேடு போடும் கட்டம் வந்ததும் வீட்டில் வெடிச்சத்தம் ஓயவில்லை. ஒவ்வொரு தடவையும் மாமியார், "ஐயோ" என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். நுரை சீலிங் ஃபேன்வரை தெறித்தது. ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் மாடிப்படியே நுரைக்குள் காணாமல் போனது. பக்கத்து வீட்டில், இந்த வீட்டில் யாருக்குத் தினமும் பிறந்தநாள் என்று கேட்டார்கள். மாமனார் எதையும் கவனிக்கவில்லை. பலூனைப் பார்க்கும்போது அவர் முகம் மாறிவிடும். கரண்டியோடு சண்டை போட்ட அதே விரல்கள் ரேசரைத் தொட்டதும் ஏதோ பழைய பேச்சைக் காதில் வாங்கியதுபோல மெல்ல வளைந்தன. ஒரு நாள் மதியம் ஒரு சிவப்பு பலூன் வெடிக்காமல், வழுக்கையாக, பளபளவென்று மேசைமேல் நின்றது. மாமனார் அதைத் தடவிப் பார்த்தார். "சுருட்டை மாதிரியே இருக்கு" என்றார். மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் மாமியார் பயந்து ஓடி வந்தார்.

பயிற்சிக்காலம் முடிந்ததும் கையைச் சோதித்தார்கள். சோதித்தவர் வேறொரு இளைஞர். யார் எந்தக் குழு என்று அவருக்குத் தெரியக் கூடாது, அப்போதுதான் மதிப்பெண்ணில் பாரபட்சம் வராது, அதனால் வாயே திறக்காதீர்கள் என்று ஆராய்ச்சிக்காரம்மா எச்சரித்திருந்தார். ஒரு தலைக்கு முடிவெட்டுவதற்குள் ஊர்க்கதை முழுக்கச் சொல்லி முடிக்கிற மனிதருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. "எப்படி இருக்கீங்க ஐயா" என்று அந்த இளைஞர் கேட்டதற்கே அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பக்கம் போட்டார். கை நடுங்கியது. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை.

கை முழுசாக வரவில்லை. டிரிம்மர் பிடிக்க முடிந்தது, கத்தரிக்கோலை மெதுவாக ஓட்ட முடிந்தது. சவரம் செய்யும் நுணுக்கம் திரும்பவில்லை. பலூன் கன்னம் ஆகாது என்று அவரே சொல்லிவிட்டார். கடைக்குப் போன முதல் நாள், நாற்காலியில் உட்கார ஆள் இல்லை. சுருட்டைக்கு வெட்ட ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை போய் உட்கார்ந்தார்.

மாமனார் துணியைப் போர்த்திவிட்டு முன்னால் வந்து நின்றார். "மாப்பிள்ளை, முதல்லயே சொல்லிடறேன். நல்லா வரும்னு உறுதி இல்ல. காதோரம் ஏற இறங்க இருக்கலாம். பாதியில பிடிக்கலன்னா எழுந்து போகலாம், கோவிச்சுக்க மாட்டேன். சம்மதமா?"

"சம்மதம் மாமா."

வெட்டி முடிக்க நெடுநேரம் ஆனது. காதோரம் ஏற இறங்கத்தான் இருந்தது. மாப்பிள்ளை அதைச் சரிசெய்துகொள்ளாமலே திரிந்தார்.

பல மாதங்கள் கழித்து, ஆராய்ச்சியில் பங்கெடுத்த எல்லோரையும் ஆராய்ச்சிக்காரம்மா அழைத்தார். கண்டுபிடித்ததை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்றார். கையுறை போட்டவர்களுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பலன் இருந்தது. மிகப் பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. சிலருக்கு எதுவுமே மாறவில்லை. எதையும் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. மாமனார் முகத்தில் சின்ன ஏமாற்றம் ஓடியதை மாப்பிள்ளை பார்த்தார். தனக்கு நடந்தது எல்லோருக்கும் நடந்திருக்கும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

தேநீர் கொடுத்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா இருந்தார். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்தவராம். வலது கை மடியில் அசையாமல் கிடந்தது.

"உங்களுக்கு வந்துச்சா?" என்று மாமனாரைக் கேட்டார்.

மாமனார் டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். "கொஞ்சம் வந்துச்சும்மா."

"டம்ளரை மாத்தாதீங்க. அந்தக் கையிலயே பிடிங்க, பாக்கறேன்." அவர் மறுபடி மாற்றிப் பிடித்ததைப் பார்த்துவிட்டு அந்த அம்மா மலர்ந்து சிரித்தார். "நல்லா இருக்கு. எனக்கும் கையுறைதான். வரல."

"கஷ்டமா இல்லையாம்மா?"

"அழுதேன், இல்லன்னு சொல்லல. அப்புறம் யோசிச்சேன். எனக்கு வரலங்கறதும் ஒரு விடைதானே? என்னையும் சேர்த்து எண்ணினதாலதான் அந்தம்மா இன்னிக்கு உண்மையைச் சொல்ல முடிஞ்சுது. வராதவங்க எல்லாம் பாதியில போயிருந்தா, எல்லாருக்கும் வந்துருச்சுன்னு தப்பா ஒரு கணக்கு வந்திருக்கும்."

"வீட்ல துணைக்கு யார் இருந்தா?" என்று கேட்டார் மாப்பிள்ளை. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நான் தனிதான். எதிர்வீட்டுக்காரங்க காலையில வந்து மாட்டிவிட்டுப் போவாங்க. ராத்திரி வந்து கழட்டுவாங்க. நடுவுல நான் உண்டு, கையுறை உண்டு."

மாப்பிள்ளை தன் டம்ளரைக் கீழே வைத்தார். கத்த ஒரு ஆள் இல்லாமல், கரண்டியைத் துடைத்து வைக்க ஒருவர் இல்லாமல், கடைசிவரை இந்த அம்மா எப்படி இருந்தார்? அதுவும் எதுவும் மாறாத கையோடு. மாமனாரும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். தேநீர் ஆறிப்போனது தெரியாமல் கையில் பிடித்திருந்தார்.

"கையுறையால வராதவங்களுக்குன்னு வேற ஒண்ணு முயற்சி பண்ணப் போறாங்களாம்" என்றார் அந்த அம்மா. "பேர் கொடுத்துட்டேன்."

"மறுபடியுமா?"

"பின்ன?"

மாமனார் எழுந்து நின்றார். பெரியவர்கள் வந்தால் எழுவாரே அப்படி. "அம்மா, நீங்க தப்பா நினைக்கலன்னா ஒண்ணு சொல்றேன். இந்தத் தடவை துணைக்கு நாங்க வர்றோம். எனக்குப் பகல்ல கடை. மாப்பிள்ளை அவர் வேலையை எங்க வேணா உக்காந்து செய்யலாம்."

மாப்பிள்ளையைக் கேட்காமலே சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு அது பெருமையாக இருந்தது.

"எனக்குக் கோபம் நிறைய வரும்" என்றார் அந்த அம்மா.

"வரட்டும்மா" என்றார் மாப்பிள்ளை. "உங்க வீட்ல பெரிய மேசை இருக்கா? படம் விரிச்சு வரையணும்."

"பரீட்சைத் தாள் திருத்தின மேசை இருக்கு" என்று சொல்லி, அந்த அம்மா இடது கையால் முகவரியை எழுதத் தொடங்கினார்.